பின் இடது கதவு

அப்பாவின் தலைமாட்டில் அணைந்துபோன மெழுகுவத்தியைச் செல்வமேரி மறுபடி பற்றவைத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு புது ஆள் வந்து நின்றார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் டை, கையில் பழுப்பு நிறத் தோல் பை. பந்தலைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த பேண்டு செட்டுக்காரர்களைப் பார்த்தார். வந்த வழியே போய்விடலாமா என்று ஒரு காலைப் பின்னால் எடுத்துவைத்தார்.

மேலப்புதூரில் சாவு வீட்டுக்கு வந்தவரை நீங்க யாரென்று கேட்கிற வழக்கம் கிடையாது. கேட்டால், செத்தவருக்கு வேண்டிய மனுஷனைக்கூடத் தெரியவில்லை பார் என்று வீட்டுக்காரர்களுக்குத்தான் குறைச்சல். அப்பாவின் தங்கை இருதயமேரி அத்தை எழுந்து போய் அந்த ஆள் கையில் ஒரு சாமந்தி மாலையைத் திணித்து, முதுகில் கைவைத்து உள்ளே தள்ளிக்கொண்டு வந்தாள்.

“மெட்ராஸ்லேருந்தா வரீங்க? பாவம், ராத்திரியெல்லாம் ரயில்ல வந்திருப்பீங்க.”

“ஆமாங்க. ஆனா நான் வந்தது…”

“போடுங்க, போடுங்க. அவருக்கு நீங்க வந்ததே சந்தோசம்.”

அவர் மாலையைப் போட்டார். முட்டி போடச் சொன்னார்கள், போட்டார். தீர்த்தத்தைத் தெளிக்கச் சொன்னார்கள், தெளித்தார். அத்தோடு விட்டார்களா? அப்பா இருதயநாதன் காலேஜ் ஆபீஸில் முப்பத்தொரு வருஷம் சூப்பிரண்டாக இருந்தவர். அவர் கையால் சர்ட்டிபிகேட் வாங்கிப் போனவர்கள் ஊர் ஊராக இருந்தார்கள். நேற்று சாயங்காலத்திலிருந்து, வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். “நீங்களும் பேசுங்க சார்” என்று ஓரத்திலிருந்து ஒரு கிழவர் சொன்னார். டை கட்டியவரை எப்படி விடுவது?

அந்த ஆள் தொண்டையைச் செருமினார்.

“எனக்குப் பேசத் தெரியாதுங்க. இவரை நான் இன்னிக்குத்தான் மொத தடவையாப் பாக்குறேன். ஆனா ஒம்போது வருசமா இவர் எழுதுன லெட்டர் ஒண்ணு விடாமப் படிச்சிருக்கேன். மாசம் பொறந்தா எங்க ஆபீஸ்ல திருச்சி லெட்டர் வந்துச்சான்னுதான் கேப்போம். சாப்பாட்டு நேரத்துல ஒருத்தர் சத்தமாப் படிப்பாரு, நாங்க எல்லாம் கேப்போம். அந்தப் பலாப்பழ லெட்டர் இருக்கே, அதை எத்தனை தடவை படிச்சிருப்போம்னு எனக்கே தெரியாது. என் பேரு அழகர்சாமி. கார் கம்பெனிலேருந்து வரேன். கதவைப் பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பிச்சாங்க.”

செல்வமேரி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். வியாழக்கிழமை, மணி பதினொன்று. கம்பெனி கடிதத்தில் போட்டிருந்தபடியே வந்துவிட்டான் மனுஷன். ஊர் முழுக்கச் சாவுச் செய்தி சொல்லியனுப்பிய வீட்டில், மெட்ராசுக்கு ஒரு தந்தி கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

கார் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுபத்தொன்றில் ஒரு டாக்டரிடமிருந்து அப்பா பழசாக வாங்கிய சாம்பல் நிறக் கார். வாங்கிய மறு வருஷம், மே மாதம், துறையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஏழு பேர் ஒரு பச்சைமலைப் பலாப்பழத்தோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். நம்பர் ஒன் டோல்கேட்டில் வலது பக்கம் திரும்பும்போது பின் இடது கதவு தானாகத் திறந்தது. ஓரத்தில் பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை, பழத்தோடு போய், ரோடு போடக் கொட்டிவைத்திருந்த மணல் மேட்டில் உட்கார்ந்தாள். அத்தைக்கு ஒரு கீறல் இல்லை. பழம் இரண்டாகப் பிளந்துவிட்டது. அப்பா காரை நிறுத்திவிட்டு ஓடிவந்தவர் முதலில் பழத்தைத்தான் தூக்கினார் என்பது அத்தையின் பன்னிரண்டு வருஷக் குறை.

அரியமங்கலத்தில் பட்டறை வைத்திருந்த ஹபீபுல்லா பூட்டை மாற்றிக்கொடுத்தார். அதோடு முடிந்திருக்கும். அடுத்த வருஷம் ஹபீபுல்லாவே ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். அந்த வருஷத்து வண்டிகளில் பின் இடது பூட்டு சரியில்லை, சில சமயம் தானாகத் திறக்கிறது, சொந்தச் செலவில் மாற்றியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் என்று கம்பெனி தன் டீலர்களுக்கு மட்டும் அனுப்பிய சுற்றறிக்கை அது. அன்றைக்குப் பிடித்தது சனி. எண்பத்து நாலு ரூபாய் பூட்டுக்கு, மூன்று ரூபாய் பலாப்பழத்துக்கு என்று அப்பா முதல் கடிதத்தை எழுதினார். அப்போதுதான் டைப்ரைட்டிங் கிளாஸில் சேர்ந்திருந்த செல்வமேரி அதை அடித்துக்கொடுத்தாள். பலாப்பழம் எங்கள் தயாரிப்பு அல்ல என்று பதில் வந்தது. பலாப்பழத்தை வெளியே தள்ளிய கதவு உங்கள் தயாரிப்புதானே என்று அப்பா பதில் எழுதினார்.

அதற்குப் பிறகு நடந்தது மல்லுக்கட்டு. நீங்கள் முதல் சொந்தக்காரர் இல்லை என்றார்கள். பழைய பூட்டைக் காட்டு என்றார்கள். அப்பா எண்ணெய் தடவி பிஸ்கட் டின்னில் வைத்திருப்பதாக எழுதினார். பூட்டு வண்டியில் இருந்து, கதவு தானாகத் திறப்பதை நாங்கள் நேரில் பார்க்க வேண்டும் என்றார்கள். அவ்வளவுதான், நல்ல பூட்டைக் கழற்றச் சொல்லிவிட்டு ஓட்டைப் பூட்டை மறுபடி மாட்டவைத்தார் அப்பா. ஹபீபுல்லா தலையில் அடித்துக்கொண்டே மாட்டினார். அன்றிலிருந்து அந்தக் கதவை ஒரு துண்டால் முன் சீட்டோடு சேர்த்துக் கட்டித்தான் குடும்பம் வெளியே போயிற்று. செல்வமேரியை இரண்டு தெரு தள்ளிக் கட்டிக்கொடுத்தபோது, கல்யாணப் பெண்ணும் அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குப் போனாள்.

அந்தக் கதவு ஒரு வெளி ஆளுக்கு முன்னால் திறந்திருந்தால் பரவாயில்லை. டீலர் ஆபீஸிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தார்கள், கப்சிப் என்று சாத்திக்கொண்டு இருந்தது. இருதயமேரி அத்தை அன்றைக்குத் தானே கைப்பிடியை இழுத்துவிட்டாள், அண்ணன் கம்பெனி மேல் பழியைப் போடுகிறார் என்று சொந்தக்காரர்களே பேசினார்கள். தெருவில் அப்பாவுக்குக் ‘கதவு சார்’ என்று பேர் வந்தது. அப்பா அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். செல்வமேரிக்குத்தான் பொறுக்கவில்லை. அத்தனை கடிதத்தையும் அடித்தவள் அவள். ஒவ்வொரு வரியும் நிஜம் என்று ஒருநாள் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும், அது அப்பாவின் பேருக்கு வர வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது. வியாழன் காலை பதினொரு மணிக்கு அதிகாரி வருகிறார். அப்பா அதை எடுத்துக்கொண்டு தெருவில் வீடு வீடாகப் போனார். புதன்கிழமை காரைத் தன் கையாலேயே கழுவினார். மத்தியானம் விறால் மீன் குழம்பு, இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். “அரை மணி கண்ணை மூடுறேன், வியாகுலம், நாலு மணிக்குக் காப்பி கொடு” என்று கடிதத்தை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்தார். நாலு மணிக்கு அம்மா காப்பியோடு வந்து எழுப்பினாள். எழுபத்தொரு வயசு, சிரித்த முகம், வயிறு நிறைந்த சாப்பாடு. இப்படி ஒரு சாவு யாருக்கு வாய்க்கும் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். அழ ஆரம்பித்தவர்கள்கூடப் பலாப்பழத்தில் வந்து சிரித்துவிட்டார்கள்.

பந்தலில் நாற்காலி போட்டு அழகர்சாமியை உட்காரவைத்தார்கள். அம்மா வியாகுலம்மாளும் எழுந்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.

“கோவிச்சுக்காதீங்கம்மா” என்றார் அவர். “இந்தக் கேஸுக்கு என்னைத்தான் அனுப்பணும்னு நானே கேட்டு வாங்கிட்டு வந்தேன். ஆனா ஒரு ரூல் இருக்கு. சோதனையை ஓனர் முன்னிலையிலதான் செய்யணும். இல்லன்னா ரிப்போர்ட் செல்லாது. இனிமே வண்டிய உங்க பேருக்கு மாத்தி, நீங்க புதுசா எழுதி, அது மேல போறதுக்குள்ள மார்ச் முடிஞ்சிடும். மார்ச்சோட இந்த மாடல் ஃபைலையெல்லாம் மூடிடுறாங்க.”

ஓரமாகக் காரில் சாய்ந்து நின்றிருந்த ஹபீபுல்லா தரையைப் பார்த்தார்.

“ஓனர் முன்னிலைன்னுதானே சார் ரூல்?” என்று செல்வமேரி கேட்டாள்.

“ஆமாங்க.”

“சாயங்காலம் நாலு மணி வரைக்கும் அவர் இங்கதான் இருக்காரு.”

அழகர்சாமி அவளைப் பார்த்தார். பிறகு திறந்திருந்த வாசல் வழியாகப் பெட்டியைப் பார்த்தார். வாசலுக்கு நேரே, தெருவைப் பார்த்தபடிதான் அப்பாவைக் கிடத்தியிருந்தார்கள்.

“சரியாத்தான சொல்றா” என்றாள் அம்மா.

மனுஷன் டையைத் தளர்த்திக்கொண்டு எழுந்தார். அவ்வளவுதான், சாவு வீடு தெருவுக்கு வந்துவிட்டது. ஹபீபுல்லா கதவிலிருந்து துண்டை அவிழ்த்தார். அதிகாரிக்குப் பின் சீட்டு முழுவதையும் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியும் விரித்துக் கொடுத்தார்கள். அழகர்சாமி ராஜா மாதிரி தனியாக உட்கார்ந்தார். கார் தெருக்கோடிக்குப் போய் வலது பக்கம் திரும்பி, ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கதவு திறக்கவில்லை. இரண்டாவது சுற்று வேகமாகப் போனார்கள். மூன்றாவது சுற்றில் ஹபீபுல்லா வேண்டுமென்றே பள்ளத்தில் விட்டார். புது மருமகள் போல அடக்கமாக இருந்தது அந்தக் கதவு.

“பூட்டு பழசுதான், நம்பர் சரியா இருக்கு” என்று அழகர்சாமி இறங்கினார். முகம் விழுந்துவிட்டது. “ஆனா தானாத் தொறந்ததைக் கண்ணால பாக்காம நான் எழுத முடியாதுங்களே.”

கூட்டத்தில் யாரோ மெதுவாக, “அப்பவே சொன்னோமே” என்றார்கள். செல்வமேரிக்கு நேற்றிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. அப்பா செத்ததற்கு அழவில்லை அவள். இல்லாததைச் சொன்னவர் என்கிற பேரோடு அப்பாவைக் குழிக்குள் இறக்கப் போகிறோமே என்று அழுதாள். கதவை ஓங்கி ஒரு உதை உதைக்க வேண்டும் போல இருந்தது.

“தங்கச்சி, அழுவாத” என்றார் ஹபீபுல்லா. “சார் சொன்னது நெசம்னு எனக்குத் தெரியும்ல. அல்லாவுக்குத் தெரியும்ல.”

அழகர்சாமி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ரயிலுக்கு நேரம் இருக்கு. அடக்கம் வரைக்கும் இருந்துட்டுப் போறேங்க” என்றார்.

நாலு மணிக்குச் சாமியார் வந்து மந்திரித்தார். கோயிலில் பூசை முடிந்து, கோயிலுக்குச் சொந்தமான கைவண்டியில் பெட்டியை ஏற்றினார்கள். செல்வமேரியின் கணவன் பிலோமின்ராஜும் தெருப் பையன்களும் வண்டியைத் தள்ளினார்கள். முன்னால் பேண்டு செட், அதற்குப் பின் வண்டி, வண்டிக்குப் பின்னால் கார். அம்மாவுக்கு முட்டி வலி, நடக்க முடியாது. அம்மா மலர்வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். பின்னால் அத்தை, அத்தையின் மருமகள், செல்வமேரி. எழுபத்திரண்டிலிருந்து அத்தை அந்த இடது ஓரத்தில் உட்கார்ந்ததே இல்லை, வலது ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். அத்தை ஒருத்தியே இரண்டு பேர் இடம். அழகர்சாமி நடந்தே வருகிறேன் என்றார்.

“வெயில்ல எதுக்கு நடக்குறீங்க, ஏறுங்க” என்று அம்மா அதட்டினாள்.

அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு மிச்சமிருந்த ஒரு சாண் இடத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். ஹபீபுல்லா வெளியே நின்று துண்டை எடுத்து உதறினார்.

“கட்டாதீங்க பாய்” என்றாள் அம்மா.

துண்டு வந்த நாளிலிருந்து “கட்டியாச்சா, கட்டியாச்சா” என்று கேட்காமல் காரில் ஏறாதவள் அவள். ஹபீபுல்லா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவை வெறுமனே சாத்தினார்.

நசுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் செல்வமேரிக்குப் பொறி தட்டியது. பலாப்பழம் போன அன்றைக்கும் இப்படித்தான் அடைசலாக உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு டீலர் ஆள் வந்த இரண்டு தடவையும், இன்றைக்கு மூன்று சுற்றும், வந்தவரை மரியாதையாகத் தனியே உட்காரவைத்துவிட்டு வீட்டார் எல்லோரும் இறங்கி நின்றோமே. அதிகாரியை இடித்துக்கொண்டு உட்கார யாருக்கு மனசு வரும்? இந்தப் பாழாய்ப்போன மரியாதைதான் அப்பாவை இத்தனை வருஷம் பொய்யர் ஆக்கியது.

கல்லறைத் தோட்டத்துச் சந்து வந்தது. கைவண்டி வலது பக்கம் திரும்பியது. கார் நடக்கிற வேகத்தில் அதன் பின்னால் திரும்பியது.

“அத்தை” என்று செல்வமேரி அவசரமாகச் சொன்னாள், “கொஞ்சம் இந்தப் பக்கமாச் சாயுங்க.”

“என்னடி?”

“சாயுங்களேன்.”

அத்தை சாய்ந்தாள். மருமகள் மேல் அத்தை, செல்வமேரி மேல் மருமகள், அழகர்சாமி மேல் செல்வமேரி. ‘டக்’ என்று ஒரு சத்தம். கதவு அகலத் திறந்தது. அழகர்சாமி, பை மடியில் இருந்தபடியே வெளியே போய், சந்தின் புழுதியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

கார் நின்றது. பேண்டு செட்டில் ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. பின்னால் நடந்து வந்த மேலப்புதூரே வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

“இப்ப யாரு தொறந்தா?” என்று அத்தை திறந்த கதவு வழியாகக் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டாள். “கேக்குறேன்ல, சொல்லுங்க. நானா தொறந்தேன்? நான் இந்தக் கோடில உக்காந்திருக்கேன்.”

முதலில் சிரித்தது அம்மா. மலர்வளையம் மடியில் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். அதற்குப் பிறகு யார் அடக்குவது? ஹபீபுல்லா ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். சாமியார் செபப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் தோள் ஆடியது. கிளாரினெட்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். செல்வமேரி சிரித்தாள், அழுதாள், எது எதென்று அவளுக்கே தெரியவில்லை. சந்தோஷமாக இருந்தது, அவ்வளவுதான்.

“அடி பட்டுச்சா சார்?” என்று பிலோமின்ராஜ் ஓடிவந்தான்.

“யாரும் கதவைத் தொடாதீங்க” என்றார் அழகர்சாமி. மண்ணில் முட்டி போட்டுப் பூட்டின் நாக்கைப் பார்த்தார். விரலால் ஆட்டிப் பார்த்தார். நிமிர்ந்தபோது கல்யாண வீட்டில் நிற்கிறவர் முகம் அவருக்கு. “ஆள் பாரம் ஏறினா ஃபிரேம் இறங்குது. நாக்கு அரை நூல் வெளியே வந்துடுது. நாக்குலதான் கோளாறுன்னு அவர் நாப்பத்தஞ்சாவது லெட்டர்ல எழுதுனது அப்படியே சரிங்க.”

பையைத் திறந்து படிவத்தை எடுத்தார். கார் பானெட்டின் மேல் வைத்து அங்கேயே நிரப்ப ஆரம்பித்தார். எத்தனை பேர், எந்தப் பக்கம் திரும்பியது, என்ன வேகம். கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. சாமியார்கூட அவசரப்படுத்தவில்லை. சோதிப்பவரின் கண்ணெதிரே கதவு தானாகத் திறந்ததா என்கிற கட்டத்தில் ‘சோதிப்பவரோடு சேர்த்துத் திறந்தது’ என்று எழுதினார்.

கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சோதனையின்போது உரிமையாளர் உடனிருந்தாரா என்று அதில் அச்சடித்திருந்தது.

அழகர்சாமி தலையைத் தூக்கி முன்னால் பார்த்தார். கைவண்டி சந்துக்குள் நின்றிருந்தது. பையன்கள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“எவ்வளவு தூரம் இருக்கும்மா?” என்று செல்வமேரியிடம் கேட்டார்.

அவள் பார்த்தாள். “பத்தடி இருக்கும் சார்.”

‘ஆம், பத்தடி தூரத்தில்’ என்று எழுதினார். மை காய ஊதினார். சாட்சிக் கையெழுத்துக்குப் பேனாவைச் செல்வமேரியிடம் கொடுத்தார். அவள் போட்டாள். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துப் பையை அம்மாவின் மடியில் கொடுத்துவிட்டு, பின்புறமெல்லாம் செம்மண்ணோடு முன்னால் நடந்துபோய், பிலோமின்ராஜுக்குப் பக்கத்தில் வண்டியின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

“தள்ளுவோமா?” என்று கேட்டார்.